வார்க்காத தண்ணீர்

ஸாலிஹா டீச்சர் கெட்டவள் இல்லை. இதை முதலே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பிறகு ஊர் அவளைப் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. நல்லது செய்யப் போய்த்தான் அந்தப் பெண் இவ்வளவும் செய்தாள். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு; யாருக்குச் செய்கிறார்களோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். ஹப்ஸா என்ற தாயில்லாப் பிள்ளையின் தலையில் விடிந்தது அந்த வியாதிதான்.

கல்முனைக்குத் தெற்கே, கடலை விட்டு நன்றாக உள்ளே தள்ளி, வயலை மண் போட்டு நிரப்பிக் கட்டிய சுனாமி வீட்டுத்திட்டம் அது. கடைசி ஒழுங்கையில் தகரக் கூரையோடு ஒரு நீள மண்டபம். கட்டிக் கொடுத்த வெளிநாட்டு நிறுவனம் வாசலில் ஒரு பெரிய பலகையில் நீளமாகப் பெயர் எழுதி வைத்திருந்தது. அதை வாசித்து முடித்தவர் எவரும் இல்லை. ‘பின்னேரப் பள்ளி’ என்றால் பள்ளிவாசலோடு குழம்பும் என்று சனம் அதற்கு ‘பின்னேர ஸ்கூல்’ என்று பெயர் வைத்துவிட்டது. பாடசாலை விட்டுச் சோறு தின்ற கையோடு பிள்ளைகள் அங்கே வந்துவிடுவார்கள். வீட்டுப்பாடம், கரம், வலைப்பந்து, நாடகம், மழை நாளில் கதை. பொழுது பட்டு மஃரிப் பாங்கு கேட்கும் முன்னர் எல்லாரும் வீட்டில் நிற்க வேண்டும். பொறுப்பு ஸாலிஹா. துணைக்குக் காரைதீவிலிருந்து சைக்கிளில் வரும் சுஜித்தா.

கடல் வந்த அடுத்த வருடம் பிள்ளைகள் விளையாடவே இல்லை. கதவுக்குக் கிட்ட இருப்பதற்குத்தான் சண்டை பிடித்தார்கள், ஓடுவதற்கு லேசு என்று. அவர்களைக் கதவடியிலிருந்து மண்டபத்தின் நடுவுக்குக் கொண்டுவர இந்த இரண்டு பெண்களும் பட்ட பாடு அந்த அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். தொழிலில் ஸாலிஹாவை யாரும் குறை சொல்ல முடியாது.

கதவடியை விட்டுக் கடைசியாக எழும்பி வந்தவள் ஹப்ஸா. அன்று அவள் உயிரோடு மிஞ்சியது வாப்பாவின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு சவளக்கடை வயலுக்குப் போனதால். திரும்பி வந்து பார்த்தால் வீட்டு வளவே இல்லை. எங்கள் ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பது வழக்கம். அதனால் அக்காள் தங்கைகள் எல்லாரும் ஒரே வேலிக்குள் குடியிருப்பார்கள். கடல் ஒரு வளவை எடுத்தால் ஒரு பிள்ளையின் தாய்வழி முழுவதையும் எடுத்துவிடும். ஹப்ஸாவின் உம்மா, பெரியும்மா, சாச்சிமார் எல்லாரும் ஒரே காலையில் போய்விட்டார்கள். தலை வாரிவிட ஒரு பெண் கை மிஞ்சவில்லை. மிஞ்சியது வாப்பா கச்சிமுகம்மதுவும், அட்டாளைச்சேனையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய தங்கை முனவ்வறா மாமியும்தான். அந்த மாமிக்கு ஒரு மகன் இருந்தான். மாமி மகனுக்கு மச்சாள் முறை என்றால் கலியாணத்துக்கு ஊரில் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

இந்த மாமி மகன் கதைதான் ஸாலிஹாவின் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. சுனாமியில் மனைவியைப் பறிகொடுத்த ஆண்களுக்கு அடுத்தடுத்து நிக்காஹ் நடந்த காலம் அது. பின்னேர ஸ்கூலில் படித்த பெண் பிள்ளைகள் சிலரும் அப்படிப் போனார்கள். ஒரு கலியாணத்துக்கு ஸாலிஹா போய், நாலைந்து பேர் சேர்ந்து தின்னும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சோறு தின்றுவிட்டு, பெண்ணைப் பார்க்க அறைக்குள் போனாள். பதினைந்து வயதுப் பெண், தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய இரவல் நகையுமாக இருந்தவள், இவள் காதுக்குள் கேட்டாள்: “டீச்சர், வியாழக்கிழம கரம் போட்டிக்கு நான் வரலாமா?”

ஸாலிஹா அன்றே நிய்யத்து வைத்தாள், ஹப்ஸாவை மட்டும் விடமாட்டேன் என்று. அந்தப் பிள்ளை ஓ.எல். பரீட்சை எழுத வேண்டும், எழுதித்தான் தீர வேண்டும். ஹப்ஸாவுக்குக் கணக்கு அப்படி ஓடியது. மற்றப் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே இவள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

சுனாமி முடிந்து மூன்றாம் வருடம் ஒரு பின்னேரம். மணி அடித்து எல்லாரும் எழும்பிவிட்டார்கள்; ஹப்ஸா மட்டும் வாங்குப் பலகையோடு ஒட்டிக்கொண்டு இருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஸாலிஹா கிட்டப் போய்க் குனிந்தாள்.

“டீச்சர், நான் மௌத்தாகப் போறன் போல,” என்றாள் பிள்ளை. இரத்தத்தைக் கண்டு செத்துவிடுவோம் என்றே நினைத்துவிட்டாள்; யாரும் அவளுக்கு எதையும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. யார் இருந்தார்கள் சொல்லிக் கொடுக்க?

ஸாலிஹா அவளை அணைத்துச் சாமான் அறைக்குள் கூட்டிப்போய்க் கழுவிவிட்டாள். தன் சால்வையைக் கட்டிவிட்டாள். இது நோயில்லை, எல்லாப் பெண்களுக்கும் வருவதுதான் என்று விளக்கினாள். துணி எப்படி வைப்பது, எப்படித் துவைப்பது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னாள். ஸாலிஹாவுக்கு வீட்டில் இரண்டும் ஆண் பிள்ளைகள். இதுவரை எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுக்கும் கொடுப்பினை கிடைத்ததில்லை. சொல்லும்போது அவள் கண் கலங்கியது.

“வாப்பாக்கிட்ட நீங்க சொல்றீங்களா டீச்சர்? எனக்கு வெக்கமா இரிக்கி.”

அந்த இடத்தில் ‘ஓம்’ என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஸாலிஹாவின் கண் முன்னால் கலியாண அறையில் இருந்த அந்தப் பெண்தான் வந்து நின்றாள். பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்ற செய்தி வாசலைத் தாண்டினால் போதும், நாளைக்கே பின்னேர ஸ்கூலுக்கு முழுக்கு, மறுவருடம் அட்டாளைச்சேனைக்கு அனுப்பு.

“வேணாம் மகள். இப்ப ஆருக்கும் சொல்லப்படா. வாப்பாக்கும் சொல்லப்படா, மாமிக்கும் சொல்லப்படா. இது நமக்குள்ள இரிக்கட்டும். ஒன்ட நல்லதுக்குத்தான் சொல்றன், விளங்கிச்சா?”

ஹப்ஸா தலையாட்டினாள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு உலகத்தில் டீச்சரை விட்டால் வேறு பெண்பிள்ளை யார்?

சுஜித்தாவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. அவள் கேட்டதும் திகைத்துப்போனாள்.

“என்னக்கா நீங்க? எங்கட ஊரில எண்டா ஸ்பீக்கர் கட்டி ஊரையே கூப்பிட்டிருப்பினம். ஒருக்கா அந்தத் தகப்பனோட கதைச்சுப் பாருங்களன். அந்த மனிசன் பாவம், நல்ல மனிசன் போலதான் இரிக்கிறார்.”

“ஒனக்குத் தெரியா சுஜி. நல்ல மனிசன்தான், ஆனா தங்கச்சி ஒரு சொல்லு சொன்னா மாடு மாதிரி தலையாட்டுவார். பொறகு, நமக்குச் சொல்லித் தந்திரிக்காங்கதானே, புள்ள சொன்ன இரகசியத்தக் காப்பாத்தணும் எண்டு.”

ஓம், சொல்லித்தான் தந்தார்கள். கல்முனையில் ஒரு மண்டபத்தில், மின்விசிறிக்குக் கீழே, மதியச் சோற்றுப் பார்சலோடு, பயிற்சி தர வந்த வளவாளர் ஒருவர் ‘இரகசியம் காத்தல்’ என்று பலகையில் எழுதிப் படிப்பித்தார். ஆனால் அவர் சொன்னது பிள்ளையின் இரகசியத்தைப் பற்றி. இங்கே பிள்ளை எங்கே இரகசியம் கேட்டது? வாப்பாவிடம் சொல்லுங்கள் என்றல்லவா கேட்டது! இரகசியம் ஸாலிஹாவுடையது. அதைப் பிள்ளையின் தலையில் ஏற்றி வைத்துவிட்டுப் படித்த படிப்பைக் காவலுக்கு நிறுத்தினாள். இதைச் சொல்ல சுஜித்தாவுக்கு வாய் வரவில்லை. அவள் ஸாலிஹாவுக்குக் கீழே வேலை செய்கிறவள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்பார்களே, அதைத்தான் இரண்டு வருடமாக டீச்சரும் பிள்ளையும் செய்தார்கள். சவர்க்காரமும் துணியும் சாமான் அறையில் இருந்தன. ஹப்ஸா மண்டபத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் துவைத்து, நாடகச் சேலைகளுக்கு அடியில் காயப்போடுவாள். கணக்கில் அவள் முதலாவதாக வந்தாள், மறு தவணையும் முதலாவதாக வந்தாள். ஸாலிஹா பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்கட ஹப்ஸா” என்றாள். பிள்ளை முன்னைவிடக் கதைப்பதைக் குறைத்துவிட்டதை அவள் கண்டாள்தான். வயது வந்த பிள்ளை, அடக்கம் வருகிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள். அட மடைச்சி!

பிறகு அந்த வைகாசி வந்தது. சண்டை முடிந்துவிட்டதாம் என்று வானொலியில் சொன்ன நாள், பிரதான வீதியில் வெடி கொளுத்தினார்கள். கொடி பிடித்துக்கொண்டு முச்சக்கரவண்டிகள் ஹோர்ன் அடித்தபடி ஓடின. பின்னேர ஸ்கூலில் சின்னப் பிள்ளைகள் வெடிச் சத்தத்துக்கு வாங்குக்குக் கீழே நுழைந்துகொண்டார்கள். சுஜித்தா வரவில்லை. அவளுடைய சித்தி குடும்பம் வன்னிக்குள் இருந்தது. இருக்கிறார்களா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. ஸாலிஹா மறுநாள் காரைதீவுக்குப் போய் அவள் பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தாள்.

வீதியில் படையினர் மறிக்கிற இடங்கள் குறைந்தன. பயணம் லேசாகியது. அந்தத் துணிவில் முனவ்வறா மாமி, தன் காக்கா கச்சிமுகம்மதுவின் வீட்டில் நாலு நாள் நின்று சமைத்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்று அட்டாளைச்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தாள். அந்த வீட்டுக்குள் ஒரு பெண் இராத் தங்கியது அதுதான் முதல் தடவை. ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண்ணைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்? மறுநாள் காலை கிணற்றடியில் ஹப்ஸாவின் பாவாடையைப் பார்த்தாள்; பார்த்த கையோடு வாயில் கை வைத்து ஒரு குரவை விட்டாள் பாருங்கள், ஒழுங்கையே அதிர்ந்தது! சண்டை முடிந்ததற்குத்தான் இவளும் குரவை போடுகிறாள் என்று நினைத்து முன்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்தினாள்.

“காக்கா! எங்கட புள்ள பெரிய புள்ளையாகிட்டா! தண்ணி வார்க்கணும், ஆக்களுக்குச் சொல்லணும்!” என்று மாமி பம்பரமாய்ச் சுழன்றாள். தண்ணி வார்க்கிற சடங்கெல்லாம் மார்க்கத்தில் இல்லை என்று புதிய மௌலவிமார் சொல்லிவந்த காலம்தான். முனவ்வறாவிடம் அது எடுபடுமா? அயல் பெண்கள் நாலு பேர் கூடினார்கள். பன்னீர் வாங்க ஆள் போனது. புதுப் பாயில் பிள்ளையை இருத்தித் தலையில் துணி போட்டார்கள். கச்சிமுகம்மது வயலுக்குப் போகாமல் வீட்டுக்கு வெளியே நிற்பதும் அறைக்குள் போய் வருவதுமாக இருந்தார். ஒரு சூட்கேஸை எடுத்து வைத்துத் திறக்கவும் செய்தார்.

ஹப்ஸா அந்தத் துணிக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் கெடுத்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தண்ணியை வார்த்திருப்பார்கள், குரவையும் போட்டிருப்பார்கள், டீச்சரும் தப்பியிருப்பாள். ஆனால் முதல் செம்புத் தண்ணீரை மாமி கோலும்போது பிள்ளை விம்மியது.

“வேணாம் மாமி. இது முதல் இல்ல. பொய்க்குத் தண்ணி வார்க்கப்படா.”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேள்வி கேட்பதில் முனவ்வறா பொலிஸுக்கு மேல்.

அன்று பின்னேரம் கச்சிமுகம்மது பின்னேர ஸ்கூல் வாசலுக்கு வந்தார். சலாம் சொன்னார். உள்ளே வரவில்லை.

“உள்ளுக்கு வாங்க காக்கா.”

“வேணாம் டீச்சர். ஒரு கத கேட்டுட்டுப் போறன். என்ட மகள் பெரிய புள்ளையாகி எவ்வளவு காலம்?”

“ரெண்டு வருசம் இரிக்கும்.”

“ரெண்டு வருசம். ஒரே கூரைக்குக் கீழ இருந்து ஒரே சட்டியில சோறு திண்டிரிக்கம். எனக்குத் தெரியா. ஒங்களுக்குத் தெரியும்.”

“காக்கா, நான் பயந்துட்டன். சொன்னா நீங்க புள்ளயப் படிப்ப விட்டு நிப்பாட்டிருவீங்க, அட்டாளைச்சேனைக்குக் கட்டிக் குடுத்திருவீங்க எண்டு...”

“ஆரு சொன்ன?”

ஸாலிஹாவிடம் யாரும் சொல்லவில்லையே.

“முனவ்வறாக்கு நான் எப்பயோ சொல்லிட்டன். புள்ள ஓ.எல். எழுதி முடியும் வரைக்கும் கலியாணக் கதைய வாயில எடுக்கப்படா எண்டு. அவட உம்மாட ஆச அது, ஒரு புள்ளயாச்சும் படிச்சு டீச்சரா வரணும் எண்டு. நீங்க எனக்கிட்ட ஒருக்கா கேட்டீங்களா டீச்சர்? கேட்டா கொறஞ்சா போவீங்க?”

அவர் கோபத்தில் கத்தியிருந்தால் ஸாலிஹா தாங்கியிருப்பாள். அந்த மனிதர் கத்தவில்லை. தோளில் கிடந்த துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி வார்க்கிற நாளைக்கு உடுக்கட்டும் எண்டு ஒரு சாறி வாங்கி சூட்கேஸுக்குள்ள வெச்சிரிக்கன். எப்ப வரும், எப்பிடித் தெரியும் எண்டு ஒண்டும் விளங்கல்ல எனக்கு. ஆம்புள, மகளுக்கிட்ட எப்பிடிக் கேக்கிற? ஆனா பயப்படல்ல. ஸாலிஹா டீச்சர் இரிக்காதானே, அவ பாத்து எனக்குச் சொல்லுவா எண்டு நெனச்சிட்டிருந்தன். ஒங்கள நம்பித்தான் டீச்சர் இருந்த நான்.”

“மாப் பண்ணுங்க காக்கா. அல்லாஹ்வுக்காக மாப் பண்ணுங்க. புள்ளய மட்டும் நிப்பாட்டிராதீங்க.”

“நான் இப்ப என்னத்தச் சொல்ற? பொம்புள இல்லாத வீட்டில புள்ளய வெச்சா இப்பிடித்தான் எண்டு முனவ்வறா கேக்கிறா. நாளைக்கு அவவோட அனுப்பிறன்.”

அவர் போனார். ஸாலிஹா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். எதைத் தடுக்க இரண்டு வருடம் பொய்யைக் காத்தாளோ, அதைத் தன் கையாலேயே இழுத்துக்கொண்டு வந்து பிள்ளையின் வாசலில் விட்டிருந்தாள். சும்மா இருந்திருந்தால் ஹப்ஸா அங்கேயே படித்திருப்பாள். வாய் திறந்திருந்தாலும் படித்திருப்பாள். மண்டபத்துக்குள் கரம் காய்கள் டக் டக்கென்று விழுந்துகொண்டிருந்தன. டீச்சர் ஏன் அழுகிறா என்று ஒரு சின்னது வந்து கேட்டது.

மறுநாள் காலையில் வெட்கத்தைப் பாராமல் அந்த வீட்டுக்குப் போனாள். வாசலில் முனவ்வறா பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சர். நான் ஒங்கள ஏச மாட்டன். நீங்க எங்கட புள்ளக்குத் துணி கட்டிவிட்ட கைதானே, அத நான் மறக்கப் போறல்ல. ஆனா ஒண்டு சொல்லுங்க, நான் ஒரு பேயா? மருமகளக் கடிச்சுத் திண்டிருவனா?” கேட்டுவிட்டு அவளே மூக்கைச் சிந்தினாள். “உள்ளுக்குத்தான் இரிக்கா. போய்க் கதைங்க. அங்கயும் ஸ்கூல் இரிக்கி, சேப்பம் இன்ஷா அல்லாஹ்.”

சேர்ப்பாளோ, மாட்டாளோ. அதைக் கேட்கும் தகுதி ஸாலிஹாவுக்கு இனி இல்லை.

ஹப்ஸா அறைக்குள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஸாலிஹா அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, “மகள், என்ட பிழை, எல்லாம் என்ட பிழை,” என்று அழுதாள்.

“கோவம் இல்ல டீச்சர்,” என்றாள் ஹப்ஸா. பிறகு கேட்டாள். “டீச்சர், அந்த நாளையில தொழப்படாதுதானே?”

“ஓம் மகள். தொழுக இல்ல. நோம்பும் இல்ல. அது நமக்கு அல்லாஹ் தந்த சலுகை.”

“மதரஸாவில ஒருநாள் படிச்சுத் தந்தாங்க. அப்பதான் எனக்குத் தெரியும். ஆனா வாப்பா என்ன சுபஹு தொழ எழுப்புவாரே. தொழல்ல எண்டா ஏன் எண்டு கேப்பாரே. நீங்க சொல்லப்படா எண்டீங்க. அதால நான் தொழுதன் டீச்சர். ரெண்டு நோம்பு மாசமும் ஒரு நாளும் விடாமப் புடிச்சன். முசல்லாப் பாயில நிண்டு, ஹறாம் செய்றன், ஹறாம் செய்றன் எண்டு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லித்தான் நெத்திய நிலத்தில வெச்சு சுஜூது செய்வன்.”

ஸாலிஹா தானும் தொழுகிறவள், தானும் மாதா மாதம் அந்த நாட்களில் முசல்லாவைச் சுருட்டி வைக்கிறவள். இரண்டு வருடமாக இது அவள் புத்தியில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தட்டவில்லையே! துணிக்கு இடம் பார்த்தாள், சவர்க்காரத்துக்கு இடம் பார்த்தாள்.

“தொழுதுட்டு உம்மாக்குத் துஆ கேப்பன்,” என்றாள் ஹப்ஸா. “எல்லா நாளும் கேப்பன். அந்த நாளையிலயும் கேட்டன். அது உம்மாக்குப் போய்ச் சேந்திரிக்குமா டீச்சர்? இல்லாட்டி நான் ஹறாமில நிண்டு கேட்டதால உம்மாக்கு அங்க வேதனையா?”

“இல்ல மகள், இல்ல! துஆக்கு ஒரு தடையும் இல்ல. எந்த நாளும் கேக்கலாம், எப்பிடி நிண்டும் கேக்கலாம். எல்லாம் உம்மாக்குப் போய்ச் சேந்திரிக்கும். ஒனக்கும் ஒரு குத்தமும் இல்ல, சொல்லப்படா எண்டு ஒன்ட வாயக் கட்டினது நான்தானே.”

ஹப்ஸா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“இது உண்மையா டீச்சர்? இல்லாட்டி என்ட நல்லதுக்கு எண்டு சொல்றீங்களா?”

“வல்லாஹி உண்மை மகள்.”

வெளியே முச்சக்கரவண்டி வந்து நின்றது. மாமி கூப்பிட்டாள். ஹப்ஸா கடைசிப் புத்தகத்தையும் பைக்குள் வைத்துக் கட்டினாள்.

“சரி டீச்சர்,” என்றாள். “அங்க போய் மாமிக்கிட்ட சொல்லி மௌலவிக்கிட்டயும் ஒருக்கா கேட்டுப் பாக்கிறன்.”